மீட்டிங் ஆன்லைனுக்குப் போயிடுச்சு சரி, குறைஞ்சுச்சா?

ஒரு கம்பெனி ஆன்லைன்ல சேர்ந்து வேலை பார்க்கிற டூல்ஸ் வாங்குறப்போ ரெண்டு காரணம் சொல்லுவாங்க, ஒண்ணு மீட்டிங் குறையும், இன்னொண்ணு பயணம், பெட்ரோல், கரண்ட்னு எல்லாம் மிச்சமாகும். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றதால ஒண்ணு நடந்தா மத்ததும் தன்னால நடந்துரும்னு ஒரு நெனப்பு வந்துருது. அப்படி இல்லைங்க. ரெண்டும் வேற வேற எடத்துல இருந்து வர்ற மிச்சம். நேரம் மிச்சமாகுறது பேச வேண்டியதை எழுத்துல முடிச்சுக்கிறதால, எனர்ஜி மிச்சமாகுறது வண்டி கிளம்பாம இருக்கிறதாலயும் பில்டிங்ல ஒரு பகுதியோட ஏசியும் லைட்டும் நிஜமாவே ஆஃப் ஆகுறதாலயும். ரூம்ல நடந்த மீட்டிங்கை அப்படியே தூக்கி வீடியோவுல வச்சா எனர்ஜி பக்கம் கொஞ்சம் கிடைக்கலாம், நேரத்துல ஒண்ணும் கிடைக்காது, பல எடத்துல கையில இருந்த நேரமும் போயிருக்கு.

இந்த ஆசை ஒண்ணும் புதுசு இல்ல. 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவுல டக்ளஸ் எங்கல்பார்ட் ஒரு டெமோ காட்டினார், மவுஸை மேடையேத்தினவர்னு அவரை நெறைய பேருக்குத் தெரியும், ஆனா அதே டெமோவுல கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்ல இருந்த சக ஊழியரோட முகத்தை ஸ்கிரீன் ஓரத்துல வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஒரே டாகுமென்ட்ல வேலை பார்த்ததையும் காட்டினார். ரெண்டு வருஷம் கழிச்சு 1970ல ஏடி அண்ட் டிங்கிற அமெரிக்க டெலிபோன் கம்பெனி பிட்ஸ்பர்க்ல பிக்சர்ஃபோன்னு முகம் பார்த்துப் பேசுற போனை வாடகைக்கு விட்டுச்சு, மாசம் 160 டாலர், அந்தக் காசுக்கு வாங்க ஆளே வரல. எனர்ஜியையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் ஜாக் நில்ஸ். 1973ல, அதாவது எண்ணெய் நெருக்கடி வந்த அதே வருஷம், ஆளுங்களை தினமும் வேலை இருக்கிற எடத்துக்கு ஓட்டிட்டு வர்றதுக்கு பதிலா வேலையை ஆளு இருக்கிற பக்கம் அனுப்பினா எவ்வளவு எரிபொருள் மிச்சம்னு லாஸ் ஏஞ்சலஸ்ல கணக்குப் போட ஆரம்பிச்சார். அப்போ அவர் யோசிச்சது வீட்ல உட்கார்ந்து வேலை பார்க்கிறது கூட இல்ல, வீட்டுக்குப் பக்கத்துல சின்னச் சின்ன கிளை ஆபீஸ் போட்டு அங்க இருந்து போன் லைன்ல டேட்டா அனுப்புறது. ஐடியா 50 வருஷமா இருக்கு, லைன் ஸ்பீடும் விலையும்தான் அதுக்கு ஒத்து வரல.

ஒத்து வந்ததுக்கு அப்புறம் வந்த டூல்ஸ் எல்லாத்தையும் ஒரே கூடையில போடுறதுதான் முதல் குழப்பம்னு நான் நெனைக்கிறேன். எல்லாரும் ஒரே நேரத்துல இருந்தாகணும்ங்கிற வகை ஒண்ணு, ஸ்கைப் (2003), ஜூம் (2013) மாதிரி. அவங்கவங்க தோதான நேரத்துல வந்து பார்த்து எழுதிட்டுப் போகலாம்ங்கிற வகை இன்னொண்ணு, 1989ல வந்த லோட்டஸ் நோட்ஸ், 1995ல வார்ட் கன்னிங்ஹாம் போட்ட முதல் விக்கி (யார் வேணும்னாலும் திருத்தக்கூடிய வெப் பக்கம்), 2006ல வந்த கூகுள் டாக்ஸ், அப்புறம் யார் கையில எந்த வேலை இருக்குன்னு காட்டுற டாஸ்க் போர்டு எல்லாம் இதுல சேரும். முதல் வகை தூரத்தை மட்டும்தான் ஒழிக்குது, ரெண்டாவது வகை நேரத்தோட கட்டையும் அவிழ்த்து விடுது. மீட்டிங்கோட எண்ணிக்கையை குறைக்கக்கூடியது ரெண்டாவது வகைதான், ஆனா கொரோனா வந்த 2020ல எல்லாரும் விழுந்தடிச்சு வாங்கினது முதல் வகையை.

ஜூம்ல 2019 டிசம்பர்ல ஒரு நாளைக்கு 1 கோடி மீட்டிங் பங்கேற்புன்னு இருந்தது 2020 ஏப்ரல்ல 30 கோடி ஆச்சு. அந்த நேரத்துல ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல், நியூயார்க் யுனிவர்சிட்டி ஆய்வாளர்கள் 16 பெருநகரங்கள்ல 31 லட்சத்துக்கும் மேல ஆளுங்களோட மெயில், காலண்டர் விவரத்தை வச்சு (பெயர் இல்லாமதான்) ஒரு கணக்கு எடுத்தாங்க. லாக்டவுனுக்கு முன்னாடியோட ஒப்பிட்டா ஒரு ஆளுக்கு மீட்டிங் எண்ணிக்கை 12.9 சதவீதம் ஏறியிருக்கு, ஒரு மீட்டிங்ல உட்கார்ற ஆளுங்க எண்ணிக்கை 13.5 சதவீதம் ஏறியிருக்கு, ஆனா ஒவ்வொரு மீட்டிங்கோட நீளம் 20.1 சதவீதம் குறைஞ்சிருக்கு, எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சா மீட்டிங்ல போன நேரம் 11.5 சதவீதம் கம்மி. அட பரவாயில்லையேன்னு தோணும், ஆனா அதே கணக்குல வேலை நாளோட நீளம் 48.5 நிமிஷம் கூடியிருக்கு. நேரம் மிச்சமாகல, சின்னச் சின்னத் துண்டா ஒடஞ்சு நாள் முழுக்க சிதறிப் போயிருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு 2022ல மைக்ரோசாப்ட் சொன்னது இன்னும் மோசம், அவங்களோட மீட்டிங் ஆப்பான டீம்ஸ் யூஸ் பண்றவங்க வாரத்துல மீட்டிங்ல செலவழிக்கிற நேரம் 2020 பிப்ரவரிய விட 252 சதவீதம் கூடிருச்சாம். இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், அது டீம்ஸ்ல நடந்ததை மட்டும் எண்றது, முன்னாடி ரூம்ல நடந்தது அந்தக் கணக்குலயே கிடையாது, அதனால முழு எண்ணையும் அப்படியே நம்பி வாயைப் பிளக்க வேண்டாம், ஆனா போற திசை என்னன்னு தெரியுது.

ஏன் இப்படி ஆச்சுன்னா பழைய முறையில மீட்டிங்குக்கு ஒரு பிரேக் இருந்துச்சு, நாம அதை பிரேக்னு நெனைக்கவே இல்ல. ரூம் காலியா இருக்கணும், நாற்காலி இருக்கணும், வேற பில்டிங்ல இருந்து ஆள் நடந்து வரணும், வேற ஊர்ல இருந்தா டிக்கெட் போடணும், அதுக்கு மேனேஜர் கையெழுத்து போடணும். ஆன்லைன்ல இது அத்தனையும் போயிருச்சு, கூப்பிடுறவருக்கு செலவு பூஜ்யம், செலவு முழுக்க கூப்பிடப்பட்டவங்க தலையில. பத்து பேர் ரூம்ல 11ஆவது ஆளுக்கு எடம் இல்லைன்னு சொல்லலாம், வீடியோவுல 40 பேரை சும்மா இருக்கட்டும்னு சேர்த்து விடலாம், விட்டா கோவிச்சுக்குவாங்கன்னு சேர்க்கிறதும் உண்டு, அவங்களும் வராம இருந்தா நல்லா இருக்காதுன்னு வந்து மைக்கை ஆஃப் பண்ணிட்டு வேற வேலை பார்த்துக்கிட்டு இருப்பாங்க. 8 பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தா அது ஒருத்தரோட ஒரு முழு வேலை நாள், இதை யாரும் காலண்டர்ல அப்படிப் பார்க்கிறது இல்ல. ஆள் சேரச் சேர ஆளுக்கு ஆள் தொடர்பும் பெருகுது, 5 பேர் இருந்தா 10 ஜோடி, 10 பேர் இருந்தா 45 ஜோடி, ஆள் ரெண்டு மடங்குதான் ஆனா சிக்கல் நாலரை மடங்கு. இதுக்கு மேல வாராவாரம் தானா வர்ற ரெக்கரிங் இன்வைட் வேற. எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது, நிறுத்தணும்னு சொல்ற பொறுப்பு யாருக்கும் இருக்காது, ஆனா திங்கக்கிழமை 10 மணிக்கு அது வந்து நிக்கும்.

ஆன்லைன் கடை நடத்த சாஃப்ட்வேர் தர்ற ஷாப்பிஃபை கம்பெனி 2023 ஜனவரியில இந்த ரெக்கரிங் மேலதான் கை வச்சுச்சு, மூணு பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற ரெக்கரிங் மீட்டிங் எல்லாத்தையும் ஒரே அடியா காலண்டர்ல இருந்து தூக்கிட்டு, நிஜமா வேணும்னா கொஞ்ச நாள் கழிச்சு யோசிச்சு திரும்பப் போட்டுக்கோங்கன்னு சொன்னாங்க, புதன்கிழமை மீட்டிங்கே கிடையாதுன்னும் வச்சாங்க. அழிக்கிறதுக்கு காரணம் கேட்டா யாரும் அழிக்க மாட்டாங்க, திரும்பப் போடுறதுக்கு காரணம் கேட்டா பாதிக்கு மேல வராது. இந்தத் தலைகீழ் வழி எனக்குப் புத்திசாலித்தனமா படுது. ஆனா அழிச்சதுக்கு அப்புறம் அந்த மீட்டிங்ல நடந்த வேலை எங்க போகணும்ங்கிறதுதான் அடுத்த கேள்வி, அதுக்கு பதில் இல்லைன்னா ஒரு மாசத்துல பழைய குருடி கதவைத் திறடிதான்.

மீட்டிங்கை உள்ளே பிரிச்சுப் பார்த்தா ரொம்ப சாதாரணமான நாலஞ்சு வேலைதான் இருக்கும். யார் எதுவரைக்கும் முடிச்சிருக்காங்கன்னு சொல்றது, அது டாஸ்க் போர்டுல அந்தந்த ஆளே நகர்த்தி வச்சுட்டா முடிஞ்சது, இதுக்கு 12 பேர் உட்கார்ந்து முறை வச்சு ஒப்பிக்க வேண்டியதே இல்ல. மேல இருந்து ஒரு தகவலைச் சொல்றது, அது ஒரு பக்கம் எழுத்து, இல்லைன்னா அஞ்சு நிமிஷ ரெக்கார்டிங். ஒரு டிராஃப்டைப் பார்த்து கருத்து சொல்றது, இது ஷேர்டு டாகுமென்ட்ல ஓரத்துல கமென்ட் போடுறதுக்கே பொறந்த வேலை, சொல்லப்போனா ரூம்ல நடக்கிறதை விட நல்லா நடக்கும், ஏன்னா ரூம்ல சத்தமா பேசுறவரோட கருத்துதான் நிக்கும், டாகுமென்ட்ல கூச்சப்படுறவரும் ராத்திரி உட்கார்ந்து யோசிச்சு நாலு வரி எழுதுவார். கடைசியா முடிவெடுக்கிறது. இதுதான் கஷ்டம். முடிவை எழுத்துல எடுக்கணும்னா ஒருத்தர் முன்மொழிவை முழுசா எழுதணும், என்ன செய்யப் போறோம், வேற என்ன வழி இருந்துச்சு, அதை ஏன் விட்டோம், யார் முடிவு சொல்லணும், எந்தத் தேதிக்குள்ள ஆட்சேபம் சொல்லணும், சொல்லலைன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம்னு. இந்தக் கடைசி ரெண்டு விஷயம் இல்லாத டாகுமென்ட்தான் கமென்ட் மேல கமென்டா போய் கடைசியில "ஒரு கால் போட்டு பேசிக்கலாமா"ன்னு முடியுது.

இது நடக்காத காரியம்னு நெனைச்சா லினக்ஸ் கெர்னலைப் பாருங்க, அதாவது லினக்ஸ்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி. கிட்டத்தட்ட 9, 10 வாரத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொண்ணுலயும் ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க பல கண்டத்துல இருந்து பல கம்பெனியில இருந்து கை வைக்கிறாங்க, வேலை பூரா மெயிலிங் லிஸ்ட்ல பேட்ச் (கோட்ல செய்ற மாற்றம்) அனுப்பி அதுல விவாதம் பண்ணித்தான் நடக்குது, அதை ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல கோட் மாற்றங்களைக் கணக்கு வைக்கிற கிட்ங்கிற டூலை எழுதினதும் இந்த மாதிரி சிதறிக் கிடக்கிற ஆளுங்க வேலையைச் சேர்க்கத்தான். இன்டர்நெட்டோட விதிமுறைகளை எழுதுற ஐஇடிஎஃப் அமைப்பு இன்னும் சுவாரஸ்யம், வருஷத்துக்கு மூணு தடவை நேர்ல கூடுறாங்க, ஆனா அங்க எடுத்த முடிவு அங்கயே செல்லாது, திரும்ப மெயிலிங் லிஸ்ட்ல போட்டு வர முடியாதவங்களும் பார்த்து ஒத்துக்கிட்டாத்தான் முடிவு. விமான டிக்கெட் எடுக்க முடிஞ்சவங்க மட்டும் உலகத்தோட நெட்டை முடிவு பண்ணக்கூடாதுங்கிறது இதுல ஒளிஞ்சிருக்கிற நியாயம். அமேசான்ல 2004ல ஜெஃப் பெசோஸ் பவர்பாயின்ட்டை வேண்டாம்னு சொல்லி, ஆறு பக்கத்துக்குள்ள ஒரு மெமோ எழுதிட்டு வாங்க, மீட்டிங் ஆரம்பத்துல எல்லாரும் வாயை மூடிக்கிட்டு அதைப் படிப்போம்னு வச்சார், அங்க மீட்டிங் ஒழியல ஆனா படிக்காம வந்து கேள்வி கேக்கிற கூட்டம் ஒழிஞ்சது. இந்த மூணுலயும் பொதுவா ஒண்ணு இருக்கு, எழுதுறது கஷ்டமான வேலைங்கிறதை ஒத்துக்கிட்டு அதுக்கு நேரம் ஒதுக்குறாங்க. எழுத்துக்கு நேரம் கொடுக்காம மீட்டிங்கை மட்டும் குறைன்னு சொல்ற எடத்துல ஒண்ணும் மாறாது.

சாட்டைப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா சாட் வந்தா மீட்டிங் குறையும்னு ஒரு பேச்சு இருக்கு. ஸ்லாக்ங்கிற ஆபீஸ் சாட் ஆப் 2013ல வந்தப்போ மெயிலுக்கு மாற்றுன்னுதான் வந்துச்சு. பார்க்க ரெண்டாவது வகை மாதிரி இருக்கும், நடத்தை முதல் வகை. "ஹாய்"னு ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பிட்டு நாம பதிலுக்கு ஹாய் சொல்ற வரைக்கும் விஷயத்தைச் சொல்லாம காத்திருக்கிற ஆளுங்க எல்லா ஆபீஸ்லயும் இருக்காங்க, பச்சைப் புள்ளி எரிஞ்சா உடனே பதில் வரணும்னு எதிர்பார்ப்பு வேற. இது அஜெண்டா இல்லாம, முடிவு நேரம் இல்லாம காலையில இருந்து ராத்திரி வரை ஓடுற ஒரு மீட்டிங்தான். முடிவு சாட்ல எடுத்தா ரெண்டு வாரத்துல அதைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. சாட்ல பேசலாம், முடிவை டாகுமென்ட்ல ஒட்டிரணும்.

இப்போ எனர்ஜி பக்கம் வருவோம். இங்க கணக்கு ரொம்ப நேரடியானது, ஆனா பேச்சு பூரா தப்பான எடத்துல நடக்குது. ஒரு லிட்டர் பெட்ரோல்ல ஏறக்குறைய 9 யூனிட் எனர்ஜி இருக்கு, எரிச்சா 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கிற கார்ல ஒருத்தர் மட்டும் போக வர 30 கிலோமீட்டர் போனா 2.1 லிட்டர், கிட்டத்தட்ட 19 யூனிட், 5 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா கார்பன். ஒரு லேப்டாப் 30ல இருந்து 50 வாட் இழுக்கும், வீட்டு ரவுட்டர் ஒரு 10 வாட், நாள் பூரா 8 மணி நேரம் ஓட்டினாலும் அரை யூனிட் பக்கம்தான் வரும். பெட்ரோல்ல இருக்கிற சூடும் கரண்டும் ஒண்ணு இல்ல, ஒரு யூனிட் கரண்ட் எடுக்க நிலக்கரி பிளான்ட்ல ரெண்டு மூணு யூனிட் சூடு எரிக்கணும்னு யாராச்சும் சொல்லலாம், நியாயம்தான், மூணால பெருக்கிக்கோங்க, அப்பவும் காரை எட்டவே எட்டாது. வீடியோ கால் பண்றதுக்காகவே கார் ஓட்டாம இருந்தா அதுல ரெண்டு பேச்சே இல்ல.

ஆனா நெறைய பேர் கவலைப்படுறது கேமராவை ஆஃப் பண்ணலாமாங்கிறதைப் பத்தி. இது எங்க இருந்து வந்துச்சுன்னா 2021ல ஒரு ஆய்வு, பர்டியூ, யேல், எம்ஐடி ஆளுங்க பண்ணது, ஒரு மணி நேர வீடியோ கான்பரன்ஸுக்கு 150ல இருந்து 1,000 கிராம் வரைக்கும் கார்பன்னும், கேமராவை ஆஃப் பண்ணா 96 சதவீதம் குறையும்னும் சொல்லுச்சு, பத்திரிகை எல்லாம் தலைப்புல போட்டாங்க. அதுக்கு முன்னாடியே ஷிஃப்ட் ப்ராஜெக்ட்னு ஒரு பிரெஞ்சு அமைப்பு அரை மணி நேர வீடியோவுக்கு 1.6 கிலோன்னு சொல்லி, அப்புறம் பிட்டும் பைட்டும் மாறிப் போச்சு, 8 மடங்கு கூட சொல்லிட்டோம்னு திருத்திக்கிட்டாங்க. சர்வதேச எரிசக்தி முகமை, அதாங்க ஐஇஏ, போட்ட கணக்குல ஒரு மணி நேர வீடியோ ஸ்ட்ரீமிங் உலக சராசரியா 36 கிராம், கார்பன் டிரஸ்ட் 2021ல ஐரோப்பாவுக்குச் சொன்னது 55 கிராம். இத்தனை வித்தியாசம் வரக் காரணம், நெட்வொர்க் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு கணக்குப் போட ஒரு ஜிபிக்கு இத்தனை யூனிட்னு ஒரு ரேட் வச்சு பெருக்குறாங்க, ஆனா ரவுட்டரும் சுவிட்சும் டேட்டா போனாலும் போகாட்டியும் கிட்டத்தட்ட அதே வாட்தான் இழுக்கும், நீங்க கேமராவை ஆஃப் பண்ணதும் வீட்டு ரவுட்டர் தூங்கப் போகாது. நெட்வொர்க்கோட அளவை முடிவு பண்றது எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்கிற உச்ச நேரம், காலையில 11 மணிக்கு நடக்கிற ரிவியூ மீட்டிங் இல்ல. அதனால கேமரா ஆஃப்ல கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், ஆனா ஒரு விமானப் பயணத்தோட வச்சுப் பார்த்தா யானைப் பசிக்கு சோளப்பொரி.

கேமராவை ஆஃப் பண்றதுக்கு நல்ல காரணம் வேற இருக்கு. ஸ்டான்ஃபோர்ட்ல ஜெரமி பெய்லன்சன் 2021ல வீடியோ கால் களைப்புக்கு நாலு காரணம் எழுதினார், எல்லா முகமும் ரொம்பக் கிட்டக்க உத்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, நம்ம முகத்தையே நாள் பூரா நாமே பார்க்கிறது, அசைய முடியாம ஒரே எடத்துல உட்கார்றது, தலையாட்டுறது சிரிக்கிறது எல்லாத்தையும் கஷ்டப்பட்டு காட்டவும் கவனிக்கவும் வேண்டியிருக்கிறது. ஆஃப் பண்ணுங்க, பூமியைக் காப்பாத்துறேன்னு சொல்லிக்க வேண்டாம்.

பெரிய மிச்சம் விமானத்துல. 2021ல கார்னெல் யுனிவர்சிட்டி ஆளுங்க பெரிய மாநாடுகளைக் கணக்குப் போட்டப்போ நேர்ல நடத்துறதை முழுசா ஆன்லைனுக்கு மாத்தினா கார்பன் 94 சதவீதமும் எனர்ஜி 90 சதவீதமும் குறையும்னு வந்துச்சு, மாநாட்டோட செலவு மேடையிலயோ சாப்பாட்டுலயோ இல்ல, வந்து போறதுலதான் இருக்கு. பிசினஸ் கிளாஸ்ல போனா எகானமிய விட தோராயமா மூணு மடங்கு, ஏன்னா ஒருத்தர் மூணு பேர் எடத்தை எடுத்துக்கிறார், ஆபீஸ் வேலையா போறவங்கதான் அந்த சீட்ல அதிகம். 2022 மார்ச்ல ஐஇஏ எண்ணெய் உபயோகத்தை சீக்கிரமா குறைக்க ஒரு பத்து அம்சத் திட்டம் போட்டுச்சு, அதுல முடிஞ்சவங்க வாரத்துல ஒரு நாள் வீட்ல இருந்து வேலை பார்த்தா ஒரு நாளைக்கு 1.7 லட்சம் பேரல், மூணு நாள்னா 5 லட்சம் பேரல், தவிர்க்கக்கூடிய பிசினஸ் விமானப் பயணத்தைத் தவிர்த்தா 2.6 லட்சம் பேரல்னு இருந்துச்சு. கடைசி எண்ணைப் பாருங்க, பிசினஸ் டிரிப் அடிக்கிறவங்க எண்ணிக்கையில ரொம்பக் கொஞ்சம், ஆனா அவங்க குறைச்சா வர்றது கோடிக்கணக்கான ஆளுங்க வாரத்துல ஒரு நாள் வீட்ல இருந்தா வர்றதை விட ஜாஸ்தி. கம்பெனிகள் ஏன் எல்லாருக்கும் கேமரா ஆஃப் பண்ற டிப்ஸ் அனுப்புறாங்கன்னு இப்போ புரியுதா.

வீட்ல இருந்து வேலை பார்க்கிறதுல வர்ற மிச்சம் நெனைக்கிற அளவுக்கு சுத்தமானது இல்ல. ஐஇஏ 2020ல சொன்னது, வீட்ல இருந்து வேலை பார்க்கிற நாள்ல வீட்டோட எனர்ஜி செலவு 7ல இருந்து 23 சதவீதம் வரைக்கும் ஏறும். கார்ல 6 கிலோமீட்டருக்குக் கம்மியா போறவங்க, பஸ் ரயில்ல போறவங்க வீட்ல இருந்தா கார்பன் குறையாம கொஞ்சம் கூடவே வாய்ப்பு இருக்கு, அதுக்கு மேல கார்ல போறவங்களுக்குத்தான் தெளிவான லாபம். 39 ஆய்வுகளை ஒண்ணா வச்சுப் பார்த்து 2020ல வந்த ஒரு தொகுப்புல 26 ஆய்வு எனர்ஜி குறையுதுன்னு சொல்லுது, 8 ஆய்வு பெரிய மாற்றம் இல்லைங்குது, இல்லைன்னா கூடுதுங்குது. ஏன்னா மனுஷன் சும்மா இருக்க மாட்டான். வாரத்துல ரெண்டு நாள்தானே ஆபீஸ்னு தூரமா வீடு பார்த்துப் போவான், அந்த ரெண்டு நாள்ல பழைய அஞ்சு நாள் தூரத்தை ஓட்டிருவான், வீட்ல நிக்கிற காரை வேற யாராச்சும் எடுத்துட்டுக் கிளம்புவாங்க. 1865லயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் நிலக்கரியை வச்சு இதைச் சொல்லிட்டார், இன்ஜின் சிக்கனமாக சிக்கனமாக கரி செலவு கூடத்தான் செய்யும்னு, ஏன்னா மலிவானா உபயோகம் பெருகும். மேல சொன்ன மீட்டிங் கதையும் இதேதான், மலிவாச்சு, பெருகிருச்சு.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படுறது 2023ல கார்னெலும் மைக்ரோசாப்டும் சேர்ந்து போட்ட ஆய்வு. அமெரிக்காவுல தினமும் ஆபீஸ் வர்றவரோட ஒப்பிட்டா முழுக்க வீட்ல இருந்து வேலை பார்க்கிறவரோட கார்பன் 54 சதவீதம் வரைக்கும் குறையலாம், வாரத்துல ரெண்டுல இருந்து நாலு நாள் வீட்ல இருக்கிறவருக்கு 11ல இருந்து 29 சதவீதம், ஒரே ஒரு நாள் மட்டும் வீட்ல இருந்தா வெறும் 2 சதவீதம். ஒரு நாள்னா அஞ்சுல ஒண்ணு, 54ல அஞ்சுல ஒரு பங்கு 10, 11 வரணுமே, ஏன் 2? லேப்டாப்பும் இன்டர்நெட்டும் காரணம் இல்ல, அந்த ஆய்வுலயே அதோட பங்கு சொல்லிக்கிற மாதிரி இல்லைன்னுதான் வந்திருக்கு. வீட்ல இருக்கிற நாள்ல வேற வேலையா வண்டி எடுக்கிறது மிச்சத்தைத் தின்னுருதுன்னு அந்த ஆய்வு சொல்லுது, கட்டடமும் ஒரு காரணம். நீங்க ஒரு நாள் வரலைன்னா உங்க நாற்காலிதான் காலி, உங்க தலைக்கு மேல இருக்கிற ஏசி டக்ட்டுக்கு அது தெரியாது. ஆபீஸ் ஏசி பெரும்பாலும் டைம்டேபிள்ல ஓடுறது, காலையில குறிச்ச நேரத்துக்கு ஆன், சாயங்காலம் குறிச்ச நேரத்துக்கு ஆஃப், சதுர அடிக்குக் கணக்கு, தலைக்குக் கணக்கு இல்ல. லிப்ட், லைட், சர்வர் ரூம் எல்லாம் அதே ஓட்டம். 100 பேர் வர்ற தளத்துல 30 பேர் வந்தா ஆளுங்க உடம்புச் சூடும் கம்ப்யூட்டர் சூடும் குறையுற அளவுக்குக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அப்போ வீட்லயும் ஏசி, ஆபீஸ்லயும் ஏசி, ஒரே ஆளுக்கு ரெண்டு எடத்துல குளுகுளு.

அதனால ஹைபிரிட்னு, அதாவது கொஞ்ச நாள் வீடு, கொஞ்ச நாள் ஆபீஸ்னு அறிவிச்சா மட்டும் பத்தாது, யார் எந்த நாள் வர்றாங்கன்னு அடுக்கணும். அவங்கவங்க இஷ்டத்துக்கு நாள் எடுத்தா ஆறு தளத்துலயும் தினமும் பாதி பாதி ஆள், ஆறும் ஓடும். டீம் டீமா நாளைப் பிரிச்சு மூணு தளத்துல நெருக்கி உட்கார வச்சுட்டு மீதி மூணை ஏசி, லைட், காத்தோட்ட ஃபேன் எல்லாத்தோடயும் பூட்டினாத்தான் மீட்டர்ல தெரியும், அதை விட நல்லது அந்த மூணையும் குத்தகையில இருந்தே விட்டுறது. இதுல ஒரு சங்கடம் உண்டு, பழைய பில்டிங்ல தளத்துக்குத் தளம் ஏசியைத் தனியா நிறுத்த வழியே இருக்காது, ஒரே சில்லர் (குளிர்விக்கிற மெஷின்), ஒரே ஃபேன், நிறுத்தினா எல்லாம் நிக்கும். காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு அளவை சென்சார் வச்சுப் பார்த்து ஆள் இருக்கிற அளவுக்கு மட்டும் வெளிக்காத்தை உள்ள விடுற முறை இருக்கு, அதைப் போட செலவு ஆகும், ஆனா புது வீடியோ கான்பரன்ஸ் ரூமுக்கு செலவழிக்கிற கம்பெனி இதுக்கும் யோசிக்கலாம்.

டேட்டா சென்டரை மறந்துட்டியேன்னு கேப்பீங்க. 2024ல உலகத்துல இருக்கிற டேட்டா சென்டர் எல்லாம் சேர்ந்து 41,500 கோடி யூனிட், உலக கரண்ட்ல ஒண்ணரை சதவீதம்னு ஐஇஏ கணக்கு, 2030ல ரெண்டு மடங்குக்கு மேல 94,500 கோடி யூனிட் ஆகும்னு சொல்றாங்க, ஏறுறதுக்கு முக்கியக் காரணம் ஏஐ. மீட்டிங்கை கேட்டு தானா குறிப்பு எடுக்கிற பாட் இப்போ எல்லா காலுக்குள்ளயும் வந்து உட்காருது, அதை வச்சு நாம போகாம குறிப்பை மட்டும் படிச்சுக்கலாம்னா நல்லதுதான், ஆனா குறிப்பு வந்துரும்ல அதனால இன்னும் பத்து பேரை கூப்பிடுங்கன்னு போற எடமும் பார்க்கிறேன், ஆளுங்களை விட பாட் அதிகமா இருக்கிற கால் எல்லாம் இனி சகஜம். யாருமே வராத மீட்டிங்கை ஒரு டாகுமென்டா மாத்தியிருக்கலாமேன்னு அப்போவாச்சும் தோணணும்.

எல்லாத்தையும் ஆன்லைன்லயே முடிச்சுரலாம்னும் நான் சொல்லல. 2022ல நேச்சர் இதழ்ல வந்த ஒரு ஆய்வுல ரெண்டு ரெண்டு பேரா வீடியோவுல புது ஐடியா யோசிச்சவங்க நேர்ல உட்கார்ந்தவங்களை விட கம்மியா யோசிச்சாங்க, கண்ணு ஸ்கிரீனை விட்டு நகராததால யோசனையும் சுருங்குதுன்னு விளக்கம், ஆனா வந்த ஐடியாவுல நல்லதைப் பொறுக்கி எடுக்கிறதுல வித்தியாசம் இல்ல. மைக்ரோசாப்ட்ல 61,182 பேரோட தகவலை வச்சு 2021ல வந்த ஆய்வு, முழுக்க ரிமோட் ஆனதும் ஒவ்வொரு குழுவும் தனக்குள்ளயே இறுகிப் போச்சு, குழுவுக்கு வெளிய இருந்த தொடர்பு குறைஞ்சதுன்னு காட்டுச்சு. புதுசா சேர்ந்தவங்க, நம்பிக்கை உடைஞ்சு சண்டை நடக்கிற டீம், ஒண்ணுமே இல்லாம ஆரம்பிக்கிற ப்ராஜெக்ட், யாருக்காவது கெட்ட சேதி சொல்ல வேண்டிய நேரம், இதுக்கெல்லாம் ஆளை நேர்ல பார்க்கத்தான் வேணும், அதுக்கு விமானம் ஏறினாலும் தப்பு இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை நாலு நாள் சேர்ந்து இருக்கிறது மாசத்துக்கு ஒரு தடவை ஒரு நாள் பறந்து போய் வர்றதை விட எரிபொருள்லயும் குறைவு, உறவுலயும் நல்லது.

கடைசியா கணக்கு எழுதுறவங்க பக்கம் ஒரு விஷயம். கம்பெனிகள் கார்பன் கணக்கு எழுத வச்சிருக்கிற ஜிஎச்ஜி புரோட்டோகால்ங்கிற விதிமுறையில செலவை ஸ்கோப்னு மூணு தொகுதியா பிரிப்பாங்க, வாங்குற கரண்ட் ஸ்கோப் 2ல வரும், பிசினஸ் பயணம் ஸ்கோப் 3ல 6ஆவது பிரிவு, ஊழியர்கள் வேலைக்கு வந்து போறது 7ஆவது பிரிவு. வீட்ல இருந்து வேலை பார்க்கிறவரோட வீட்டு கரண்டை அந்த 7ஆவதுலயே சேர்த்துக்கலாம், ஆனா சேர்த்தே ஆகணும்னு இல்ல. அதனால ஒரு தளத்தை மூடி ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பினா ரிப்போர்ட்ல ஸ்கோப் 2 அழகா இறங்கும், ஊழியர் வீட்டு மீட்டர்ல ஏறினது எங்கயும் வராது, பில்லும் அவர்தான் கட்டுவார். எரிசக்தியைக் குறைச்சுட்டோம்னு ஒரு கம்பெனி சொன்னா மூணு விஷயம் கேக்கலாம், எத்தனை விமான டிக்கெட் குறைஞ்சது, எத்தனை தளம் நிஜமா ஆஃப் ஆச்சு, வீட்டு கரண்டைக் கணக்குல சேர்த்தீங்களா. மீட்டிங்கைக் குறைச்சுட்டோம்னு சொன்னா காலண்டர்ல இருந்து ஒரு மாசத்து ஆள்-மணியை எடுத்து, அதாவது ஒவ்வொரு மீட்டிங்லயும் எத்தனை பேர் எத்தனை மணி நேரம்னு பெருக்கிக் கூட்டி, டூல் வாங்குறதுக்கு முந்தின மாசத்தோட வச்சுப் பார்த்தா போதும், அரை மணி நேர வேலை.